ஒரு பென்சில் கோடு போன தூரம்

கேரிபியன் கடலில் விடுமுறைக்கு ஸ்கூபா டைவிங் போகும் பலருடைய இடுப்பில் ஒரு வெள்ளைத் தாள் தொங்குகிறது. பள்ளி நோட்டின் ஒரு பக்கம் அளவுதான் இருக்கும். பிளாஸ்டிக் பலகை ஒன்றில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். பலகையின் மூலையில் கயிற்றால் கட்டிய பென்சில். உப்புத் தண்ணீரில் ஊறினாலும் நையாத, கிழியாத தாள் அது. பொடி எழுத்தில் மீன்களின் பெயர்கள் குடும்பம் குடும்பமாக அச்சாகியிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எஸ், எஃப், எம், ஏ என்று நான்கு எழுத்துகளில் ஒன்று சேர வேண்டும். ஒரே ஒரு மீனைக் கண்டால் எஸ். 2 முதல் 10 வரை என்றால் எஃப். 11 முதல் 100 வரை எம். நூறைத் தாண்டினால் ஏ. கண்ட மீனுக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு. முக்குளித்தவர் ஒரு வாரம் தங்கிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். அவர் போட்ட கோடு அதன் பிறகுதான் புறப்படுகிறது.

அந்தத் தாளில் கிளிமீன் குடும்பத்தில் ஸ்டாப்லைட் கிளிமீன் என்று ஒரு வரி உண்டு. அந்த ஒற்றை வரி அங்கே வந்து சேர இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தன.

மார்க் கேட்ஸ்பி என்ற ஆங்கிலேயர் 1725இல் பஹாமாஸ் தீவுகளுக்குப் போனார். செடிகளையும் பறவைகளையும் வரைந்தவர், அங்கே மீன்களையும் வரையத் தொடங்கினார். மீனைத் தண்ணீரை விட்டு எடுத்தால் நிறம் ஓடிவிடும் என்பது கடற்கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கேட்ஸ்பி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கையிலிருந்த மீன் மங்க மங்க, அதே இனத்தில் புதிதாக ஒன்றைப் பிடித்து வரச் செய்து, விட்ட இடத்திலிருந்து நிறம் தீட்டினார். ஒரு படத்துக்குப் பல மீன்கள். அப்படி அவர் வரைந்த பச்சைக் கிளிமீனின் படத்தை ஆதாரமாகக் கொண்டு, பிரான்சைச் சேர்ந்த பொனத்தேர் 1788இல் அந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1791இல், பெர்லின் நகர மருத்துவர் மார்கஸ் ப்ளாக் சிவப்பும் பழுப்பும் கலந்த ஒரு கிளிமீனுக்கு வேறொரு பெயர் வைத்தார். தரங்கம்பாடியிலிருந்து மிஷனரி ஜான் பதப்படுத்தி அனுப்பிய நம் கரையோர மீன்கள் பலவற்றுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் இதே ப்ளாக்தான். ஜானின் பெயரையே ஒரு சங்கரா மீனுக்கு வைத்தார். அவர் மேசையில் தரங்கம்பாடி மீனும் கேரிபியன் மீனும் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. ஆனால் உயிருள்ள கிளிமீன் பவளத்திட்டில் என்ன செய்கிறது என்று பெர்லினில் இருந்து யாரும் பார்க்க முடியாது. ஆகவே பச்சை மீன் ஓர் இனம், சிவப்பு மீன் இன்னோர் இனம் என்று நூல்கள் எழுதிக்கொண்டே போயின. இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது.

இரண்டும் ஒரே மீன். குஞ்சாக இருக்கும்போது பழுப்பு உடம்பில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். வளர்ந்ததும் முதுகில் செதில் செதிலாக வெள்ளையும் பழுப்பும், வயிற்றில் செங்கல் சிவப்பு. பிறகு அவற்றில் சில பெண்ணிலிருந்து ஆணாக மாறும். அப்போது உடம்பெல்லாம் மரகதப் பச்சை, செவுள் மூடியின் மேல்மூலையில் பளீரென்று ஒரு மஞ்சள் பொட்டு, வாலடியில் இன்னொரு மஞ்சள் பட்டை. செத்த மீனை மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? சிவப்பு மீன்களும் பச்சை மீனும் ஒரே திட்டில் ஒன்றையொன்று சுற்றி வருவதைத் தண்ணீருக்குள் இருந்து பார்க்க வேண்டும். கூஸ்டோவும் கான்யானும் 1943இல் உருவாக்கிய மூச்சுக் கருவி அந்த வாய்ப்பைக் கொடுத்தது.

வாய்ப்பு வந்தது; வழிகாட்டி வரவில்லை. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள், விடுமுறைக்கு முக்குளிக்க வந்தவர்கள் ‘மஞ்சள் மீன் பார்த்தேன், நீல மீன் பார்த்தேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டு மேலே வந்தார்கள். மீன் நூல்கள் இருந்தன. அவை முள்ளை எண்ணச் சொல்லின, பல்லைப் பார்க்கச் சொல்லின. நீந்திப் போகிற மீனின் துடுப்பு முள்ளை எண்ணுவது எப்படி?

பால் ஹியூமன் என்பவர் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் தொழிலை விட்டுவிட்டு, ‘கேமன் டைவர்’ என்ற கப்பலுக்குத் தலைவராகப் போனார். பயணிகள் கப்பலிலேயே தங்கி முக்குளிக்கும் ஏற்பாடு கேரிபியனில் தொடங்கிய காலம் அது. அங்கே கேமராவும் கையுமாக இருந்து மீன்களை உயிரோடு, அவற்றின் இடத்திலேயே படம் பிடித்துச் சேர்த்தார். நெட் டிலோச் என்பவரோடு சேர்ந்து 1989இல் புளோரிடா, கேரிபியன், பஹாமாஸ் பகுதி மீன்களை அடையாளம் காண்பதற்கான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

அந்தப் புத்தகத்தின் வரிசை முறை எனக்கு மிகவும் பிடித்தது. விலங்கியல் குடும்ப வரிசையை அது முதன்மையாக வைக்கவில்லை. கடலடியில் ஒருவர் கண்ணில் முதலில் படுவதை வைத்துப் பன்னிரண்டு கூட்டமாக மீன்களைப் பிரித்தது. தட்டுப்போல வட்டமாக, நிறமாக இருப்பவை; வெள்ளி நிறத்தில் மின்னுபவை; தடித்த உடம்பும் பெரிய உதடும் கொண்டவை; பக்கத் துடுப்பால் துழாவி நீந்துபவை; தரையோடு ஒட்டிக் கிடப்பவை; விலாங்குகள். இப்படிப் போகிறது. உருவத்தைப் பிடி, பிறகு நடையைப் பார், நிறத்துக்கு அப்புறம் வா என்று அந்த வரிசை சொல்லாமல் சொல்கிறது. இந்த ஒழுங்கு கையில் கிடைத்த பிறகுதான் சாதாரண விடுமுறைப் பயணி ஒருவர் பெயர் சொல்லி மீன் பார்க்க முடிந்தது.

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்கு வலுவான காரணம் உண்டு. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குகிறது. சில மீட்டர் இறங்கியதுமே ரத்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். இன்னும் இறங்கினால் கருநீலச் சாம்பல்தான். கையில் விளக்கு இல்லாதவர் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவார். அதோடு, கேரிபியன் மீன்களில் பல நினைத்த நேரத்தில் நிறத்தை மாற்றிக்கொள்ளும். களவா மீன் ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிப் பிறகு கருக்கும்.

புத்தகம் வந்த மறு ஆண்டு, 1990இல், ஹியூமனும் டிலோச்சும் ‘ரீஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புளோரிடாவின் கீ லார்கோவில் அதன் இருப்பிடம். 1993இல் தொண்டர்கள் மீன் கணக்கெடுக்கும் திட்டம் தொடங்கியது. தாள் பிறந்தது அதற்காகத்தான். அமெரிக்காவில் 1900 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் பொதுமக்களே பறவைகளை எண்ணி வருகிறார்கள். அதே யோசனையைக் கடலுக்குள் இறக்கினார்கள். கயிறு கட்டி எல்லை பிரித்து எண்ண வேண்டியதில்லை. விருப்பம்போலத் திரியலாம். பார்த்ததை, உறுதியாகத் தெரிந்ததை மட்டும், குறிக்க வேண்டும்.

தாள் தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்பதைப் பொனேர் தீவில் பார்ப்பது நல்லது. வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்தைச் சேர்ந்த சிறு தீவு. 1979இலேயே சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக அறிவித்தார்கள். கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை பாதுகாப்பு. ஈட்டியால் மீன் குத்துவதை அதற்கும் முன்பே, 1971இல், தடை செய்துவிட்டார்கள். படகு வேண்டாம். சாலையோரம் மஞ்சள் பூசிய கல்லில் முக்குளிக்கும் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வாடகைக்கு எடுத்த பிக்கப் வண்டியை அங்கே நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டி, உடைந்த பவளத் துண்டுகள் மேல் தடுமாறி நடந்து தண்ணீரில் இறங்க வேண்டியதுதான்.

முட்டளவு ஆழம் தாண்டியதும் தாளுக்கு வேலை வந்துவிடும். சார்ஜென்ட் மேஜர் என்ற வரிப்பட்டை மீன். பாறையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு அப்பியிருக்கிறது, அது முட்டை. காவலுக்கு நிற்கும் ஆண் மீன், வழக்கமான மஞ்சளை விட்டுக் கருநீலமாக மாறி, விரல் நீளமே இருந்துகொண்டு மனிதரை விரட்டுகிறது. மிதந்து நின்று பார்த்தால் தெரியும், அது போகும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைவரை பாய்ந்துவிட்டு முட்டைக்குத் திரும்பிவிடும். சற்றுத் தள்ளி இன்னும் சில. எஃப் என்று குறித்துக்கொண்டு மேலே போகலாம். இந்த எழுத்து கடைசி வரை மாறலாம். பத்தைத் தாண்டினால் எம் ஆகும்.

திட்டு சரிந்து இறங்கும் விளிம்பில் கணக்கு வேறு மாதிரி. பழுப்புக் குரோமிஸ் மீன்கள் தலைக்கு மேலே புகைபோலப் பரவி நிற்கும். ஊதா நிற கிரியோல் ராஸ் மீன்கள் ஆறுபோல ஓடிக்கொண்டே இருக்கும். எண்ண யாராலும் முடியாது. ஏ போட்டால் போதும். நூற்றிரண்டா, ஆயிரமா என்று தாள் கேட்பதில்லை. இந்தப் பெருந்தன்மைதான் அதன் பலம் என்று நினைக்கிறேன். எண்ணிக்கையில் பிடிவாதம் காட்டியிருந்தால் விடுமுறைக்கு வந்தவர் இரண்டாம் நாளே தாளைக் கரையில் வைத்துவிட்டு இறங்கியிருப்பார்.

அடையாளத்தில் மட்டும் தாள் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், கையளவுள்ள கிளிமீன் கூட்டம் ஒன்று பாறையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. பழுப்பும் வெள்ளையுமாக நீளவாட்டில் கோடுகள். தாளில் இதற்குப் பொருந்தக்கூடிய வரிகள் இரண்டு: பிரின்சஸ் கிளிமீன், ஸ்ட்ரைப்டு கிளிமீன். இளம் பருவத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், ஒரே கூட்டத்தில் கலந்தும் திரியும். வாலைப் பார்க்க வேண்டும். வாலின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் கருத்திருந்தால் பிரின்சஸ். ஓரம் தெளிவாக இருந்து, மூக்கின்மேல் மஞ்சள் சாயல் தெரிந்தால் ஸ்ட்ரைப்டு. பார்ப்பதற்குக் கிடைப்பது இரண்டு நொடி. மீன் திரும்புகிறது, வால் விரிகிறது, மேல் ஓரம் கருப்பா நிழலா என்று மனம் தடுமாறுவதற்குள் கூட்டம் சரிவில் மறைந்துவிட்டது.

பென்சில் அந்த இடத்தில் நிற்க வேண்டும். சந்தேகமா, குறிக்காதே என்பது இந்த வேலையின் முதல் சட்டம். மூச்சுக் குமிழி மேலே போய்க்கொண்டிருக்க, காற்றழுத்த மானி குறைந்துகொண்டிருக்க, இவ்வளவு செலவழித்து வந்து பார்த்த மீனைக் குறிக்காமல் விட மனம் வராது. குறிக்காமல் விடுகிறார்கள். எத்தனையோ ஆயிரம் பேர், மேலதிகாரி யாரும் பார்க்காத இடத்தில், தங்களுக்கு உறுதியில்லாததை விட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். அந்தத் தாள்கள் மீது எனக்குள்ள மரியாதை முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

கடலடியில் பேச்சு இல்லாததால் கையால் பெயர் சொல்கிறார்கள். இரண்டு கை விரல்களையும் கோத்து அசைத்தால் சிங்க மீன். கூட வருபவர் அந்தச் சைகையைக் கண்டதும் பாறை இடுக்கைக் காட்டுவார். கடைசியாக, ஐந்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தணிவதற்காகக் காத்திருக்கும் சில நிமிடங்களில், தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை சரிபார்க்கலாம். அந்நேரத்தில்தான் மணலில் பாதி புதைந்திருக்கும் மயில் பிளவுண்டர் கண்ணில் படும்.

கரையேறிய தாள் மாலையில் விடுதி மேசைக்கு வருகிறது. நடுவில் ஹியூமன் புத்தகம், சுற்றிலும் ஈரத் தலையோடு நாலைந்து பேர், கேமராத் திரையில் மங்கலான வால்கள். “இது பிரின்சஸ் இல்லை, ஓரத்தைப் பாருங்கள்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். படத்தில் உறுதியானால் குறிக்கலாம். இல்லையென்றால் இல்லை. கடலுக்குள் ஐந்து மீன் பெயர் தெரிந்து இறங்கியவர், வார இறுதியில் ஐம்பது பெயரோடு ஊருக்குப் போவது இந்த மேசையால்தான்.

பிறகு தாள் எண்களாகிறது. முன்பெல்லாம் வட்டம் நிரப்பும் படிவத்தில் பெயர்த்து எழுதி, உறையிலிட்டுக் கீ லார்கோவுக்கு அஞ்சல் அனுப்புவார்கள். இப்போது கணினியிலேயே பதிகிறார்கள். மீன்களோடு இடத்தின் குறியீட்டு எண், தேதி, தண்ணீரின் வெப்பம், எவ்வளவு தூரம் தெரிந்தது, நீரோட்டம், ஆழம், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் போக வேண்டும். நிரப்பியவர் புதியவரா, தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றவரா என்ற விவரமும் ஒட்டிக்கொண்டு போகும். அந்தப் பகுதியில் இருக்கவே வாய்ப்பில்லாத மீன் பதிவாகியிருந்தால், படம் இருக்கிறதா என்று அங்கிருந்து கேள்வி வரும். இப்படிச் சேர்ந்த கணக்கெடுப்புகள் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பொனேரின் பாரி ரீஃப் என்ற ஒரே ஓர் இடத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியிருக்கின்றன.

கோடுகளைப் போலவே கோடு விழாத வரிகளும் அங்கே போய்ச் சேர்கின்றன. தாளில் சுறாக்களுக்கு வரிகள் உண்டு. பெரும்பாலான தாள்களில் அவை காலி. 2010இல் வார்ட்-பெய்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தக் காலி வரிகளை ஆயிரக்கணக்கில் எடுத்து ஆராய்ந்து, தரையோடு படுத்துக் கிடக்கும் நர்ஸ் சுறாவைத் தவிர்த்துப் பார்த்தால், கேரிபியன் பவளத்திட்டுகளின் பெரும்பகுதியில் சுறாவே இல்லை என்று எழுதினார்கள். மக்கள் குறைவாக வாழும் இடங்களிலும், காவல் கடுமையாக உள்ள சில இடங்களிலும்தான் மிச்சம். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டாலிங்ஸ் என்பவர் இதே கணக்கெடுப்புகளை வைத்து, கரையில் மக்கள் நெருக்கம் கூடக் கூடப் பெரிய வேட்டை மீன்கள் குறைந்து போவதைக் காட்டியிருந்தார். ‘எங்கள் பக்கம் சுறா கிடையாது’ என்று ஒரு முக்குளிப்பவர் சொன்னால் அது வெறும் பேச்சு. பல்லாயிரம் பேர், ஆண்டுக்கணக்கில், அதே வரியைத் தொடாமல் விட்டது சாட்சியம்.

தாளின் அடியில் சில வெற்று வரிகள் விட்டிருப்பார்கள். அச்சில் இல்லாத மீனைக் கண்டால் அங்கே எழுத வேண்டும். சிங்க மீன் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் சொந்தம். அட்லாண்டிக்கில் அதை முதலில் பதிவு செய்தது 1985இல், புளோரிடாவின் டேனியா பீச் அருகே. வீட்டுத் தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டிருக்கக்கூடும் என்பதே பரவலான கருத்து. 2009இல் அது பொனேர் வரை வந்துவிட்டது. எதிரி இல்லாத கடலில் குட்டி மீன்களை விழுங்கிப் பெருகியது. எந்தத் தீவுக்கு எப்போது வந்தது என்ற கணக்கில் முக்குளிப்பவர்களின் கண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. பொனேரில் கண்ட இடத்தில் அடையாளம் கட்டிவிட்டு வருவார்கள். அனுமதி பெற்ற தொண்டர் ஈட்டியோடு போய்ப் பிடிப்பார்.

நசாவ் களவாவின் கதை இதைவிட மனதுக்கு நெருக்கமானது. குளிர்கால முழுநிலவை ஒட்டி இந்த மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில் அப்படியொரு கூட்டம் இருப்பதை 2001இல் மீனவர்கள் கண்டார்கள். சுமார் 7,000 மீன். இரண்டே பருவத்தில் 4,000 மீன்களைப் பிடித்துவிட்டார்கள். அதன்பின் அரசு அந்த இடத்தில் மீன்பிடியை நிறுத்தியது. கேமன் தீவுகளின் சுற்றுச்சூழல் துறையும் ரீஃப் அமைப்பின் தொண்டர்களும் குளிர்காலந்தோறும் நிலவுக்காகக் காத்திருந்து கணக்கெடுத்தார்கள். 2009 வாக்கில் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த கூட்டம், 2018இல் 7,000ஐத் தாண்டியது. கணக்கு கையில் இருந்ததால்தான் தடையை விலக்காமல் வைத்திருக்க முடிந்தது. 2016இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

ஸ்டாப்லைட் கிளிமீனுக்கு வருகிறேன். பாறையிலிருந்து பாசியைச் சுரண்டித் தின்று பவளம் வளர இடம் ஒழித்துக் கொடுப்பவை கிளிமீன்கள். விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து மணலாக வெளியேற்றுபவையும் அவைதான். பொனேரில் 2010இல் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தார்கள். இன்று அங்கே இறங்குபவர் சிவப்பைக் கண்டாலும் பச்சையைக் கண்டாலும் கோடு அதே வரியில்தான் விழும்.

மாலையில் தாளைப் பாத்திரம் தேய்க்கும் நாராலும் தூளாலும் தேய்த்துக் கழுவினால் பென்சில் போய்விடும்; மறுநாளைக்குத் தயார். இப்போது இந்தியப் பெருங்கடலுக்கும் இந்தக் கணக்கெடுப்பு வந்துவிட்டது. நம் கடல் கேரிபியனைவிடப் பன்மடங்கு செழிப்பானது. மாலத்தீவில் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்கள் உண்டு. ஒரு தாளில் அடங்காது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ முதல்முறை அங்கே போகிறவர்கள் பட்டாம்பூச்சி மீன் குடும்பத்திலிருந்து தொடங்கலாம். பல இனங்கள் ஜோடியாகத் திரிபவை, மெதுவாக நகர்பவை, பார்க்க நேரம் கொடுப்பவை. கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை எங்கே முடிகிறது, முதுகில் புள்ளி இருக்கிறதா, உடம்புக் கோடுகள் நேராகப் போகின்றனவா சாய்ந்து போகின்றனவா என்ற மூன்றைப் பார்த்தால் பாதிக்கு மேல் பிரித்துவிடலாம். மீதியை மாலையில் மேசையில் பார்த்துக்கொள்ளலாம்.